ஹாரன் மாஸ்டரின் திருவருகைக் காலம்

சுவர் நெருங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓட்டிய தையலம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் ஏதோ கடை வாசலில் தொங்கும் துணியைப் பார்ப்பதுபோல, எடுக்கலாமா வேண்டாமா என்ற நிதானத்தோடு பார்த்தார். பக்கத்து இருக்கையில் இருந்த ஹாரன் மாஸ்டர் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இப்படிப்பட்ட நேரங்களில் தானாகப் புறப்படும் அந்தச் சத்தம் அடிவயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்துவிட்டது. மாஸ்டர் பல்லைக் கடித்து அதை அங்கேயே நிறுத்தினார். பயிற்சி வண்டி என்பதால் தன் காலடியிலும் இருந்த பிரேக்கை மிதித்தார்.

சுவருக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது.

"அம்மா, அது சுவர்" என்றார், தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிறவர் மாதிரி.

தையலம்மா ஸ்டியரிங்கை விட்டுவிட்டு அவர் பக்கம் முழுசாகத் திரும்பினார். "மாஸ்டர், உடம்பு ஏதும் சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"பின்னே ஏன் கத்தல? நீங்க கத்துவீங்க, கத்தினா நிறுத்திக்கலாம்னு நான் பாட்டுக்குப் போய்க்கிட்டு இருக்கேன்!"

அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பயிற்சிப் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் வண்டி பழகினார்கள். ஒரு சமயம் பள்ளி வண்டியின் ஹாரன் பழுதாகி ஆறு மாதம் வேலை செய்யவில்லை. மாஸ்டர் உள்ளே இருந்ததால் யாருக்கும் அது தெரியவே இல்லை. அந்த ஆறு மாதத்தில் விழுந்த பட்டப்பெயர்தான் ஹாரன் மாஸ்டர். சொந்தப் பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

கத்தாததற்குக் காரணம் முந்தின நாள் நடந்தது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பீடத்துக்குப் பக்கத்தில் பச்சை இலை வளையத்தில் நாலு மெழுகுவர்த்திகளை நிறுத்தி, முதல் வாரத்துக்காக ஒன்றை மட்டும் ஏற்றியிருந்தார்கள். இரண்டு மாதம் முன்பு வந்திருந்த புதுப் பங்குத்தந்தை ஊதா உடையில் வந்து நின்று, கையிலிருந்த தாளைப் பார்த்து இப்படிப் பேசினார்:

"கிறிஸ்து பிறப்புக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு. வீட்டுக்கு வெள்ளையடிப்போம், ஜன்னல் துடைப்போம். நல்லது. ஆனா வரப்போறவர் மெதுவாக் கதவைத் தட்டுறவர். உள்ளே நாம கத்திக்கிட்டே இருந்தா அவர் தட்டுறது யார் காதில் விழும்? உங்களில் சிலருக்கு ஆண்டவர் பெரிய குரலைக் கொடுத்திருக்கார். அந்தக் குரலைக் கேட்டு நடுங்குறவங்க இருக்காங்க. அவங்க கையும் காலும் ஓடாம நிக்கிறாங்க. இந்த நாலு வாரமும் அந்தக் குரலைக் கீழே இறக்கி வையுங்க. அதையும் ஊருக்குத் தம்பட்டம் அடிக்காம, ஆண்டவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரியிற மாதிரி செய்யுங்க."

மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கையும் காலும் ஓடாமல்! அது ஸ்டியரிங் பிடிக்கிற கை, பிரேக் மிதிக்கிற கால் இல்லாமல் வேறென்ன? அத்தனை பேர் நடுவே ஆண்டவர் தன்னை மட்டும் விரல் நீட்டிக் கூப்பிட்டதுபோல் இருந்தது. ஃபாதர்கூடத் தாளிலிருந்து தலையை நிமிர்த்திய ஒவ்வொரு தடவையும் அவர் உட்கார்ந்திருந்த வரிசையைத்தான் பார்த்தார்.

வீட்டுக்கு வரும் வழியிலேயே மாஸ்டர் தீர்மானம் செய்துவிட்டார். நாலு வாரம். எது நடந்தாலும் சரி, குரல் ஏறாது. யாரிடமும் சொல்லவும் போவதில்லை. ஒரு காரியத்தை எடுத்தால் விடுகிற ஆள் அல்ல அவர். ஆனால் எதையும் இதுவரை கத்தித்தான் சாதித்திருந்தார் என்பதுதான் சிக்கல்.

சுவர் சம்பவத்துக்குப் பிறகு, சத்தம் தொண்டைக்கு வரும்போதெல்லாம் வாய்க்குள்ளேயே ஒரு ஜெபம் சொல்வது என்று முடிவெடுத்தார். செவ்வாய்க்கிழமை தையலம்மா ஒரு திருப்பத்தில் திரும்ப மறந்து நேராகப் போனபோது மாஸ்டர் கண்ணை அகல விரித்துக்கொண்டு உதட்டை அசைத்தார்.

தையலம்மா அதைப் பார்த்துவிட்டார். "என்ன மாஸ்டர் முணுமுணுக்குறீங்க?"

"ஒண்ணுமில்ல. நீங்க ரோட்டைப் பாருங்க."

"ஜெபமா பண்றீங்க? என் பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ற அளவுக்கா என் ஓட்டம் இருக்கு?"

"இல்லம்மா, இது வேற."

"ஐயோ, சாவுக்கு முன்னாடி சொல்ற ஜெபமா?" என்று கேட்டபடி தையலம்மா இரண்டு கையையும் எடுத்து அவசரமாகச் சிலுவை அடையாளம் போட்டார். யாரும் பிடிக்காத ஸ்டியரிங் தன் இஷ்டத்துக்குத் திரும்பியது. வண்டி நடைபாதை மேல் ஏறி, ஒரு பூச்செடிக் கடையின் முன்வரிசைத் தொட்டிகளுக்குள் மெல்லப் போய் நின்றது. மாஸ்டர் அப்போதும் கத்தவில்லை. கதவைத் திறந்து இறங்கி, உடையாத தொட்டிகளை ஒன்றொன்றாக எடுத்து நிமிர்த்தி வைத்தார். கடைக்காரர்தான் இருவருக்கும் சேர்த்துக் கத்தினார்.

வியாழக்கிழமை மாஸ்டர் ஒரு சின்னக் கைமணி வாங்கி வந்தார். ஒரு தடவை அடித்தால் பிரேக், இரண்டு தடவை அடித்தால் கிளச், விடாமல் அடித்தால் ரெண்டும். வாய்க்கு வேலையே இல்லை. தையலம்மாவுக்கும் அது பிடித்துப் போயிற்று. முதல் தெருவில் இரண்டு தடவை சரியான இடத்தில் நின்றார்.

மூன்றாவது தெருவில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. மணிச் சத்தம் கேட்டதும் வாசலில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐஸ்கிரீம் வண்டி!"

அடுத்த நிமிஷம் வண்டிக்கு முன்னால் முப்பது பிள்ளைகள். தையலம்மா பயத்தில் வேகத்தைக் கூட்டிவிடப் போகிறாரே என்று மாஸ்டர் மணியை விடாமல் அடித்தார். விடாமல் அடித்ததில் எதிர் வரிசை வீடுகளிலிருந்து இன்னும் பதினைந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பின்னால் பஸ் நின்றது. பஸ்ஸுக்குப் பின்னால் லாரி நின்றது. ஒரு பொடியன் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எனக்கு ரெண்டு" என்றான்.

"ஐஸ்கிரீம் இல்லப்பா" என்றார் மாஸ்டர் அடங்கிய குரலில்.

"அப்ப எதுக்கு மணி அடிக்கிறீங்க?"

மாஸ்டர் மணியை இருக்கைக்கு அடியில் ஒளித்தார்.

அன்று சாயங்காலம் பள்ளி முதலாளி அவரை அறைக்குள் கூப்பிட்டார். முதலாளி வேறு யாருமில்லை, மாஸ்டர் மனைவியின் அண்ணன்தான்.

"மாப்ளே, உக்காருங்க. என்கிட்ட மறைக்காம சொல்லுங்க. வேற பள்ளிக்குப் போறீங்களா?"

"இல்ல மச்சான்."

"சொந்தமா ஆரம்பிக்கிறீங்களா?"

"சத்தியமா இல்ல."

"பின்னே என்ன இது? மணி அடிக்கிறீங்க, முணுமுணுக்குறீங்க. இந்தப் பள்ளிக்குப் பேரே உங்க தொண்டைதான் மாப்ளே. 'எங்க பையனை அந்தக் கத்துற மாஸ்டர்கிட்டயே விடுங்க, அப்பதான் படிவான்'னு சொல்லிச் சேர்க்குறாங்க. நேத்து ஒருத்தர் வந்து, 'சத்தமே வரலையே, பள்ளியை மூடிட்டீங்களா?'ன்னு கேக்குறார்."

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு, "கிறிஸ்மஸ் வரைக்கும் பொறுத்துக்குங்க மச்சான்" என்றார்.

"ஏன், கிறிஸ்மஸுக்கு என்ன நடக்கப் போகுது?"

"அதைச் சொல்லக்கூடாது."

 மாஸ்டர் வெளியே போனதும் முதலாளி தங்கைக்குப் போன் செய்தார்.

வீட்டில் ஏற்கெனவே நிலைமை நன்றாக இல்லை. கல்லூரிக்குப் போகும் மகள் இத்தனை வருஷமாக அப்பாவின் சத்தத்தில்தான் எழுந்திருந்தாள். தொண்டை இறங்கிய வாரத்தில் மூன்று நாள் பஸ்ஸைத் தவறவிட்டாள். மாடி வீட்டுக்காரர்கள் இஷ்டத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு ஓசை எழுப்பினார்கள். சாப்பாட்டில் உப்பில்லை என்றால் வழக்கமாக மூன்று வீடுகளுக்குத் தெரியும். இப்போது மாஸ்டர் உப்பு டப்பாவைத் தானே எழுந்துபோய் எடுத்துவந்தார். அதைப் பார்த்த மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. எங்க வலிக்குது?"

"எங்கயும் வலிக்கலம்மா."

"பார்த்தீங்களா, 'அம்மா'ங்கிறீங்க! கல்யாணமானதுல இருந்து என்னை எப்ப இப்படிக் கூப்பிட்டிருக்கீங்க?"

அண்ணனின் போனும் வந்த பிறகு அவர் தாமதிக்கவில்லை. மறுநாளே காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். டாக்டர் மாஸ்டரின் வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்தார்.

"ஆ சொல்லுங்க."

"ஆ" என்றார் மாஸ்டர், புறா மாதிரி.

"இன்னும் சத்தமா."

"இதுக்கு மேல வேண்டாம் டாக்டர்."

"முடியலையா, மாட்டேங்கிறீங்களா?"

மாஸ்டர் யோசித்தார். பொய் சொன்னால் பாவம், உண்மையைச் சொன்னால் தம்பட்டம். "அதைச் சொல்ல முடியாத நிலைமையில இருக்கேன்" என்றார்.

டாக்டர் விளக்கை அணைத்துவிட்டு வெளியே வந்தார். அங்கே காத்திருந்த மனைவியிடம், "தொண்டையில ஒரு குறையும் இல்ல. மத்தபடி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லம்மா" என்று கையை விரித்தார். அந்த அம்மாள் காதில் முதல் வாக்கியம் விழவே இல்லை. இரண்டாவது மட்டும் விழுந்தது.

இரண்டாவது மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் உறவினர்கள் வர ஆரம்பித்தார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் மேஜையில் மலையாகக் குவிந்தன. மாஸ்டரின் அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பத்து வருஷமாகப் பேசாமல் இருந்த மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து, இனிமேல் நாற்காலி சத்தம் வராது என்று வாக்குக் கொடுத்தார். எல்லாரும் அவரைப் பற்றி அவர் எதிரிலேயே இறந்தகாலத்தில் பேசினார்கள்.

"எப்பேர்ப்பட்ட குரல் இருந்துச்சு தம்பிக்கு!"

"தெருமுனையில இருந்து கேக்குமே."

"எனக்கு ஒண்ணுமில்ல, நல்லா இருக்கேன்" என்று மாஸ்டர் தணிந்த குரலில் சொன்னார். அந்தத் தணிந்த குரலைக் கேட்டு அக்கா இன்னும் பலமாக அழுதார்.

மனைவி அவரைச் சமையலறைக்குள் தனியாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரே ஒரு தடவை கத்துங்க. என்னைத் திட்டியாவது கத்துங்க. எனக்கு அது போதும். எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடறேன்."

மாஸ்டர் கணக்குப் போட்டார். ஒரு கத்தல்தான். ஒரே கத்தலில் இந்தக் கூட்டம், பழம், அழுகை எல்லாம் கலைந்துவிடும். வாயைத் திறந்தார். மனைவியின் முகம் மலர்ந்தது. மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு அவர் தலையைத் தடவிக்கொடுத்தார். மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினார்.

அந்தக் கூட்டம் போன பிறகுதான் மகள் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வழக்கமாக அவள் அப்பாவிடம் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பேசுவாள்.

"அப்பா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்காதே."

"சொல்லும்மா."

"எனக்கு வண்டி பழகணும்னு ரெண்டு வருஷமா ஆசை. உன்கிட்ட கேக்கப் பயம். அதனால பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற வேற ஸ்கூல்ல சேரலாம்னு இருந்தேன்."

ஊருக்கே வண்டி சொல்லிக்கொடுக்கிறவரின் மகள், போட்டிப் பள்ளியில்! மாஸ்டரின் காது மடல் சூடேறியது. எப்பேர்ப்பட்ட சத்தம் வந்திருக்க வேண்டிய இடம் அது. ஆனால் வந்த சத்தம் வேறு மாதிரி, ரொம்பச் சின்னதாக இருந்தது.

"என்கிட்டயேவா பயம்?"

"உன்கிட்டதான்பா பயம்."

மாஸ்டர் ஓர் ஆப்பிளை எடுத்து அவள் கையில் வைத்தார். அதுவரைக்கும் அந்தத் தீர்மானம் ஒரு பந்தயம் மாதிரிதான் இருந்தது. அன்று முதல் அது பந்தயமாக இல்லை. இன்னும் மூன்று வாரம் தாண்டியாக வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் புது மாணவர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். பங்குத்தந்தை.

"பழகறதுக்கு அனுமதிச் சீட்டு இப்பத்தான் கைக்கு வந்துச்சு மாஸ்டர்" என்றார் ஃபாதர். "கிறிஸ்மஸ் அன்னைக்கு மூணு கிளைக் கோயில்ல பூசை வைக்கணும். பஸ்ஸை நம்பினா கடைசிக் கோயில்ல ஈஸ்டர்தான் கொண்டாட முடியும். இருபத்திமூணாம் தேதி டெஸ்ட்டுக்குப் பதிஞ்சிருக்கேன்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்த ஃபாதர் தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு, தலையில் ஏதோ விழப்போவதை எதிர்பார்க்கிறவர் மாதிரி இருந்தார். என்ன ஒரு தாழ்மை என்று மாஸ்டர் மனசுக்குள் வியந்தார்.

அந்த வியப்பு முதல் தெரு தாண்டவில்லை. ஃபாதருக்கு வணக்கம் சொல்லாத ஆள் தெருவில் இல்லை. அவர் ஒருவருக்கும் கை தூக்காமல் இருந்ததும் இல்லை.

"ஃபாதர், கை ஸ்டியரிங்ல இருக்கணும்."

"தோத்திரம் சொல்றாங்களே மாஸ்டர். ஆசீர்வதிக்காம எப்படிப் போறது?"

"நீங்க கையை எடுத்தா அவங்களுக்கு அந்த ஆசீர்வாதம் உடனே தேவைப்பட்டுடும் ஃபாதர்."

பின்னால் எடுக்கச் சொன்னால் ஃபாதர் கண்ணை மூடிக்கொண்டார். "பயமா இருந்தா கண்ணை மூடறது சின்ன வயசுப் பழக்கம்" என்றார். ரவுண்டானாவுக்குள் நுழைந்தவர் வெளியே வரத் தெரியாமல் ஏழு சுற்றுச் சுற்றினார். நாலாவது சுற்றில் நடுவே நின்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் சலாம் வைத்தார். ஃபாதர் கையை எடுத்து ஆசீர்வதித்தார்.

மாஸ்டருக்கு உள்ளே கொதித்தது. ஜெபம் தோற்றது, மணியும் தோற்றது. கத்தாமல் எப்படி நிறுத்துவது என்று ஒரு வாரமாக மண்டையை உடைத்துக்கொண்டவருக்கு, எட்டாவது சுற்றில் ஒன்று புரிந்தது. தான் எப்போதுமே காரியம் நடந்த பிறகுதான் கத்தியிருக்கிறோம். சுவர் வந்த பிறகு, லாரி வந்த பிறகு. கத்த முடியாது என்றால், வருவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டியதுதான்.

"ஃபாதர், அதோ தூரத்துல மரம் தெரியுதா? அதுக்கு அப்புறம் நாம வெளியே போறோம். இப்பவே கண்ணாடியைப் பாருங்க. இப்பவே சிக்னல் போடுங்க. மரம் வந்ததும் திருப்புங்க. அதுவரைக்கும் ஒண்ணும் செய்ய வேணாம்."

மரம் வந்தது. வண்டி வெளியே வந்தது. ஃபாதரின் தோள்கள் காதிலிருந்து இரண்டு அங்குலம் இறங்கின.

"வர்றது வந்தப்புறம் பார்க்கக்கூடாது ஃபாதர். வர்றதுக்கு முன்னாடியே பார்த்துத் தயாரா இருக்கணும். அவ்வளவுதான் வண்டி ஓட்டுறது."

யாரும் சொல்லாமலேயே ஃபாதர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "மாஸ்டர், இதை நான் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்துல சொல்லிக்கலாமா?"

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

தையலம்மாவுக்கும் அதே வைத்தியம் பலித்தது. "இன்னும் ரெண்டு கடை தாண்டினா ஸ்பீடு பிரேக்கர், இப்பவே காலைத் தயாரா வையுங்க" என்று சொன்னால் அழகாகச் செய்தார். நாலு நாளில் சுவர்கள் பக்கமே போகவில்லை. பள்ளியில் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது. வீட்டில்தான் நாளுக்கு நாள் முற்றியது.

மூன்றாவது, ரோஜா நிற மெழுகுவர்த்தி ஏற்றிய ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் சொன்னபடியே பிரசங்கத்தில் ரவுண்டானா கதையைச் சொன்னார். மாஸ்டரின் மனைவி அதைக் கேட்டு மகிழவில்லை. பூசை முடிந்ததும் நேராகப் பங்குத்தந்தை இல்லத்துக்குப் போய், சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"யாருக்கும்மா?"

"என் வீட்டுக்காரருக்கு, ஃபாதர்."

"அவர் நேத்துக் காலையிலகூட எனக்கு வண்டி சொல்லிக்கொடுத்தாரே!"

"அதுதான் ஃபாதர் அவர் குணம். கடைசி மூச்சு வரைக்கும் கடமை."

மதியம் எண்ணெய்ச் சிமிழும் ஜெபப் புத்தகமுமாக ஃபாதர் வந்து நின்றபோது, மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா மறுபடி வந்திருந்தார். முதலாளி மச்சான் கைகட்டி நின்றார். ஃபாதர் எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"மாஸ்டர், என்ன வியாதி? எதுவா இருந்தாலும் என்கிட்ட சொல்லலாம்."

மாஸ்டர் யோசித்தார். பிரசங்கம் செய்தவரிடமே சொன்னால் அது தம்பட்டத்தில் சேராது என்று பட்டது. "வியாதி இல்ல ஃபாதர். பெரிய குரலை நாலு வாரம் கீழே இறக்கி வையுங்கன்னு சொன்னீங்க இல்ல? இறக்கி வெச்சிருக்கேன்."

ஃபாதர் சிமிழை மேஜையில் வைத்தார். "நான் சொன்னதைக் கேட்டா?"

"எனக்காகவே எழுதின மாதிரி இருந்துச்சு ஃபாதர். அத்தனை பேர்ல என்னை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி. அதுக்கு முன்னாடி நான் எப்படி இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க ஊருக்குப் புதுசு."

ஃபாதருக்கு இருமல் வந்தது. சும்மா வந்த இருமல் அல்ல, முகம் சிவக்க, கண்ணில் தண்ணீர் வரும் இருமல். மேஜையில் இருந்த ஒரு ஜாடித் தண்ணீரையும் நின்றபடியே குடித்தார். தன் சின்னத் தியாகம் ஒரு குருவையே இப்படி உருக்கிவிட்டதே என்று மாஸ்டர் கூச்சத்தோடு நகவெட்டியைப் பார்த்துக்கொண்டார்.

"ஆண்டவருடைய வழி இருக்கே மாஸ்டர்..." என்று ஆரம்பித்த ஃபாதர் அதை முடிக்காமல் கதவைத் திறந்தார்.

"வியாதி ஒண்ணும் இல்லம்மா" என்றார் மனைவியிடம். "கிறிஸ்மஸுக்குத் தயார் பண்ணிக்கிட்டு இருக்கார். சத்தம் போடறதில்லைன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருக்கார்."

மனைவி சிமிழைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், மேஜையில் அழுக ஆரம்பித்திருந்த ஆரஞ்சுகளைப் பார்த்தார். "இதை என்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"தம்பட்டம் அடிக்கக் கூடாதுன்னு..."

"ரெண்டு வாரமா நான் உங்களுக்காக மனசுக்குள்ள அழுதுகிட்டு இருக்கேன்!" என்று அவர் கத்திய கத்தல் தெருமுனைவரை கேட்டது. மாடியில் யாரோ நாற்காலியை மெதுவாகத் தூக்கி வைக்கும் சத்தம் வந்தது.

கோபம் தணிந்த பிறகு, சாயங்காலம், அவர் தானாகவே ஒன்று கேட்டார். "கிறிஸ்மஸுக்கு அப்புறமும் இப்படியே இருப்பீங்களா?"

"தெரியல. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன். இருந்தா இருங்க."

இருபத்திமூன்றாம் தேதி காலை டெஸ்ட். ஓட்டுநர் இருக்கையில் ஃபாதர், பக்கத்தில் தேர்வு எடுக்கும் அதிகாரி, பின்னால் மாஸ்டர். மாஸ்டரின் காலடியில் இப்போது பிரேக் இல்லை. கையில் மணி இல்லை. இருந்ததெல்லாம் ஒரு குரல். அதுவும் தொண்டையின் வாசலில் உட்கார்ந்து கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

முதல் தெருவில் கோயில் பாடகர் குழுத் தலைவர் நடைபாதையில் நின்று இரண்டு கையையும் ஆட்டி ஆர்ப்பாட்டமாக வணக்கம் சொன்னார். மாஸ்டர் கண்ணை இறுக மூடினார். திறந்து பார்த்தபோது ஃபாதரின் இரு கைகளும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. பல்லை மட்டும் காட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். ரவுண்டானாவில் அரைச் சுற்றுதான்.

கடைசித் தெருவில், ஒரு கிடங்கின் வாசலிலிருந்து பெரிய லாரி ஒன்று திரும்பிப் பார்க்காமல் பின்னால் வந்தது. மாஸ்டருக்கு அது தெரிந்துவிட்டது. லாரியின் பின்விளக்கு, சுவரின் மூலை, நடுவே குறைந்துகொண்டே வரும் இடைவெளி. நாலு வாரமாகச் சேர்த்துவைத்த கத்தல் முழுவதும் ஒன்றாகத் திரண்டு கிளம்பியது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்த கைக்குட்டையை உருட்டி வாய்க்குள் திணித்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

வண்டி மெல்ல, ஒரு குலுக்கல்கூட இல்லாமல் நின்றது. லாரி எதிரே போய்த் திரும்பியது.

"எப்படி முன்கூட்டியே நிறுத்தினீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"கேட் திறந்திருந்தது. யாரோ வரப்போறாங்கன்னு தெரிஞ்சுது. காத்திருந்தேன்" என்றார் ஃபாதர்.

"பயப்படாம ஓட்டுறீங்க. நல்லா சொல்லிக்கொடுத்திருக்காங்க. யார் உங்க மாஸ்டர்?"

ஃபாதர் பெருவிரலால் பின்னால் காட்டினார். அதிகாரி திரும்பிப் பார்த்தார். அங்கே ஹாரன் மாஸ்டர் வாய் நிறையக் கைக்குட்டையோடு, கன்னத்தில் கண்ணீர் வழிய உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

இருபத்திநாலாம் தேதி மதியம் மாஸ்டர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார். நாலு வாரம் முழுசாகத் தாண்டிவிட்டது. காலையில் மகள் முதல் தடவையாக அவர் பக்கத்தில் உட்கார்ந்து கிளச்சை மிதித்திருந்தாள். வண்டி எட்டுத் தடவை நின்று போயிற்று. எட்டுத் தடவையும் இருவரும் சிரித்தார்கள். இத்தனைக்கும் காரணமான அந்த முதல் ஞாயிறு பிரசங்கத்தின் தாளை வாங்கி, கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை.

ஃபாதர் புது உரிமத்தோடு கிளைக் கோயிலுக்குப் போயிருந்தார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை ஏணி மேல் நின்று பீடத்துக்கு மேலே நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார். மாஸ்டர் கீழே நின்று விஷயத்தைச் சொன்னார்.

"அந்தப் பிரசங்கம் என் வாழ்க்கையையே மாத்திடுச்சுங்க. ஆண்டவரே ஃபாதர் வாயில உக்காந்து என்னைப் பார்த்துப் பேசினார். அந்தத் தாள் கிடைக்குமா?"

கோயில்பிள்ளை கயிற்றைப் பல்லில் கடித்து முடிச்சுப் போட்டுவிட்டு, ஏணியிலிருந்து அவரைக் குனிந்து பார்த்தார்.

"அதுவா மாஸ்டர்? அன்னைக்கு அவர் முதல்ல எழுதி வெச்சிருந்தது வேற பிரசங்கம். முந்தின நாள் உங்க ஸ்கூல்ல பேர் குடுத்துட்டு வந்து, 'இந்த ஹாரன் மாஸ்டர் எப்படிப்பட்டவர்?'னு என்கிட்ட கேட்டார், நானும் உள்ளதைச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு, 'கோயில்ல வேற யார் திருந்தாட்டியும் பரவாயில்ல, இந்த ஒருத்தர் திருந்தினா நான் கிறிஸ்மஸை உயிரோட பார்ப்பேன்'னு சொல்லிக்கிட்டே புதுசா எழுத உக்காந்தார்!"